ஊர் சுற்றும் உத்தியோகமும் ஊன்றி நிற்கும் வீடும்

தில்லியில் இரண்டு தமிழர்கள் முதல் முறையாகச் சந்தித்துக்கொண்டால், பெயருக்கு அடுத்தபடியாக வரும் கேள்வி, "உங்களுக்கு எந்தப் பக்கம்?" என்பதுதான். கேட்பவர் கரோல்பாகில் நாற்பது ஆண்டுகளாகக் குடியிருப்பவராக இருக்கலாம். பதில் சொல்பவர் ஆர்.கே.புரம் அரசுக் குடியிருப்பிலேயே பிறந்து வளர்ந்தவராக இருக்கலாம். ஆனாலும் பதில் மட்டும் "கும்பகோணம் பக்கம்" என்றோ, "திருநெல்வேலிப் பக்கம்" என்றோதான் வரும். பிழைப்பு ஓர் இடம், ஊர் ஓர் இடம் என்று வாழ்வது நமக்குப் பழகிப்போன ஒன்று.

இப்போது நம் வீட்டுப் பிள்ளைகளில் சிலர் இன்னும் ஒரு படி மேலே போய்விட்டார்கள். அவர்களுடைய பிழைப்புக்கு என்று ஓர் இடமே கிடையாது. மடிக்கணினி ஒன்று, நல்ல இணைய இணைப்பு ஒன்று, இவ்வளவுதான் அலுவலகம். ஜனவரியில் கோவா, மே மாதம் தர்மசாலா, ஆகஸ்டில் வியட்நாம் என்று மாறிக்கொண்டே இருக்கிறார்கள். சம்பளமோ வேறொரு நாட்டிலிருந்து வருகிறது. இவர்களுக்கு 'டிஜிட்டல் நாடோடிகள்' என்று உலகம் பெயர் சூட்டியிருக்கிறது.

இந்த வாழ்க்கை நல்லதா கெட்டதா என்று பட்டிமன்றம் நடத்துவது இக்கட்டுரையின் நோக்கம் அல்ல. நாடு சுற்றுகிறவனுக்கு நிலையான வீடு ஒன்று வேண்டுமா, வேண்டுமென்றால் அதை எப்படி வைத்துக்கொள்வது, அதைக் காப்பது யார் என்பதைத்தான் இங்கே பார்க்கப்போகிறோம். பிள்ளைகளை அனுப்பிவிட்டுச் சாவியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பெற்றோர்கள் நம் சங்கத்தில் பலர் இருப்பதால், இது நமக்கும் சம்பந்தப்பட்ட விஷயம்தான்.

பெயர் பிறந்த கதை

'டிஜிட்டல் நாடோடி' என்ற பெயரைத் தலைப்பாகக் கொண்ட நூல் ஒன்று 1997-ஆம் ஆண்டு ஆங்கிலத்தில் வெளிவந்தது. ஹிட்டாச்சி நிறுவனத்தில் உயர் பதவி வகித்த ஜப்பானியப் பொறியாளர் சுகியோ மகிமோட்டோவும், பத்திரிகையாளர் டேவிட் மேனர்ஸும் சேர்ந்து எழுதியது. கருவிகள் சிறுத்து, தகவல் தொடர்பு பெருகினால், மனிதன் ஓரிடத்தில் கட்டுண்டு கிடக்க வேண்டிய அவசியம் குறையும் என்று அவர்கள் சொன்னார்கள்.

ஆனால் இந்த நூலுக்குப் பல ஆண்டுகள் முன்பே ஒருவர் இதை வாழ்ந்து காட்டிவிட்டார். 1983-இல் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தைச் சேர்ந்த ஸ்டீவ் ராபர்ட்ஸ் என்பவர், புறநகர் வீட்டு வாழ்க்கையை முடித்துக்கொண்டு, சாய்ந்து அமர்ந்து ஓட்டும் சைக்கிள் ஒன்றில் சின்னஞ்சிறு கம்ப்யூட்டரோடு கிளம்பினார். எழுதியதைத் தொலைபேசி வழியாக அனுப்பிக்கொண்டே பல்லாயிரம் மைல் சுற்றினார். அவருடைய கடிதங்களையும் கணக்கு வழக்குகளையும் கவனித்துக்கொள்ள ஊரில் ஓர் அலுவலக உதவியாளர் இருந்தார். அதாவது, வீட்டை உதறிவிட்டுப் போன முன்னோடிக்குக்கூட, ஒரு முகவரியும் அங்கே உட்கார்ந்திருக்க ஓர் ஆளும் தேவைப்பட்டார்கள். இதை நினைவில் வைத்துக்கொள்வோம், பின்னால் பயன்படும்.

2020-இல் கொரோனா வந்து உலகத்தை வீட்டில் உட்கார வைத்தது. அலுவலகத்துக்குப் போகாமலே அலுவலகம் நடக்கும் என்று முதலாளிகள் கண்டுகொண்டது அப்போதுதான். வீட்டிலிருந்து செய்யலாம் என்றால் வேறு ஊரிலிருந்தும் செய்யலாமே என்று தொழிலாளி கண்டுகொள்ள நெடுநாள் ஆகவில்லை. சுற்றுலா வருமானத்தை இழந்து நின்ற நாடுகளும் இதைப் பற்றிக்கொண்டன. அவ்வாண்டு ஜூலையில் பார்படோஸும் ஆகஸ்டில் எஸ்தோனியாவும் இதற்கென்றே விசா வழங்கத் தொடங்கின. 2022-இல் போர்ச்சுகலும் மலேசியாவும், 2024-இல் தாய்லாந்தும் சேர்ந்துகொண்டன. 2025-இல் நம் சிக்கிம் மாநிலத்தின் யாக்தென் என்ற மலைக் கிராமம், இத்தகையவர்கள் வந்து தங்கி வேலை செய்வதற்கான கிராமமாக அறிவிக்கப்பட்டது.

நமக்கு இது புதிதல்ல

பெயர்தான் புதிது, காரியம் பழையது. பிரிட்டிஷ் ஆட்சிக் காலத்தில் அரசாங்கமே நாடோடியாகத்தான் இருந்தது. 1864 முதல் சிம்லா கோடைத் தலைநகரம். முதலில் கல்கத்தாவிலிருந்தும், தலைநகர் மாறிய பின் தில்லியிலிருந்தும், கோப்புகளோடும் குமாஸ்தாக்களோடும் ஆண்டுதோறும் மலை ஏறி இறங்கினார்கள். அந்தக் குமாஸ்தாக்களில் நம்மவர்களும் உண்டு. குளிருக்குத் தில்லி, கோடைக்குச் சிம்லா, கல்யாணம் கார்த்திகைக்குத் தஞ்சாவூர் ஜில்லா என்று மூன்று இடத்தில் வாழ்ந்த குடும்பங்களின் வாரிசுகள் இன்றும் தில்லியில் இருக்கிறார்கள்.

இதைவிடச் சிறந்த உதாரணம் செட்டிநாடு. பர்மா, மலாயா, சிங்கப்பூர், இலங்கை என்று வட்டித் தொழிலுக்குப் போன நகரத்தார், அங்கே குடியேறப் போகவில்லை. பெட்டியடியில் உட்காரப் போன ஏஜெண்டுக்குப் பொதுவாக மூன்று ஆண்டுக் கணக்கு. தவணை முடிந்ததும் ஊர் திரும்புவார். சிங்கப்பூரின் மார்க்கெட் தெருவில் இருந்த 'கிட்டங்கி'களைப் பற்றிப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். நீண்ட கூடம் ஒன்று. ஒவ்வொருவருக்கும் தரையில் ஓர் இடம், ஒரு சாய்வு மேசை, ஒரு பெட்டகம். பகலில் அதுவே கடை, இரவில் அதுவே படுக்கை. சமையல் பொதுவில். இன்று பாலித் தீவிலும் கோவாவிலும் 'பகிர்ந்து தங்கும் அலுவலகம்' என்று கண்ணாடிக் கதவு போட்டு வாடகைக்கு விடுகிறார்களே, அதன் பாட்டனார் இந்தக் கிட்டங்கி.

இத்தனை எளிமையாக வெளியூரில் படுத்து எழுந்தவர்கள், ஊரில் கட்டியது என்ன? ஒரு தெருவிலிருந்து அடுத்த தெரு வரை நீளும் வீடு. பர்மாத் தேக்கு, ஆத்தங்குடிக் கல். அந்த வீட்டில் திருமணமான ஒவ்வொரு மகனுக்கும் தனி அறை. ஒரே கூரையின் கீழ்த் தனித் தனி அடுப்பு. அது மட்டுமல்ல. இளையாத்தங்குடி, மாற்றூர், பிள்ளையார்பட்டி என்று ஒன்பது நகரக் கோயில்களில் ஏதேனும் ஒன்றில் அந்தக் குடும்பம் ஒரு 'புள்ளி'. கணவனும் மனைவியும் சேர்ந்து ஒரு புள்ளி. அதற்கு வரி உண்டு, கணக்கு உண்டு. ஆள் ரங்கூனில் இருந்தாலும் கோயில் கணக்கில் அவர் உள்ளூர்க்காரர்தான்.

இந்த ஏற்பாட்டின் அருமை கெட்ட காலத்தில்தான் தெரிந்தது. 1930-களின் பொருளாதார மந்தத்தில் கடன் வராமல், கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் விளைநிலத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு நகரத்தார் கைக்கு வந்து சேர்ந்தது. 1942-இல் ஜப்பானியர் பர்மாவுக்குள் புகுந்தபோது பலர் உயிர் தப்பினால் போதுமென்று ஓடி வந்தார்கள். சுதந்திர பர்மா நிலத்தைத் தேசியமயமாக்கியது. போன சொத்து போனதுதான். ஆனால் ஓடி வந்தவர்களுக்குக் கதவைத் திறக்க ஊரில் ஒரு வீடு இருந்தது. தளம் என்பதன் முழுப் பொருள் இதுதான்.

மறுபக்கமும் உண்டு. அந்த வீட்டை அத்தனை ஆண்டும் காத்தவர்கள் பெண்கள். பிள்ளைப்பேறு, மாமியார் மாமனார் பராமரிப்பு, கோயில், உறவு எல்லாம் அவர்கள் தலையில். கொண்டுவிற்கப் போனவரின் கணக்கு ஏட்டில் இருக்கிறது. காத்திருந்தவளின் கணக்கு எந்த ஏட்டிலும் இல்லை. இன்னொன்று: பங்காளிகள் பெருகப் பெருக, பழுது பார்க்கவும் முடியாமல் விற்கவும் முடியாமல் பூட்டிக் கிடக்கும் வீடுகளும் அங்கே உண்டு. சில வீடுகளின் தூண்களும் கதவுகளும் காரைக்குடிப் பழம்பொருள் கடைகளில் விலைக்கு நிற்கின்றன. தளம் அளவுக்கு மீறினால் பாரம்.

சட்டம் கேட்கும் முகவரி

"எனக்கு உலகமே வீடு" என்று சொல்லலாம். ஆனால் படிவத்தில் அப்படி எழுத முடியாது.

வருமான வரியை எடுத்துக்கொள்வோம். ஒரு நிதியாண்டில் 182 நாள் அல்லது அதற்கு மேல் இந்தியாவில் இருந்தால் நீங்கள் இங்கே வசிப்பவர். முந்தைய ஆண்டுகளையும் சேர்த்துப் பார்க்கும் வேறு நாள் கணக்குகளும் உண்டு. "நான் எந்த நாட்டிலும் அத்தனை நாள் இருப்பதில்லையே, எங்கும் வரி இல்லை!" என்று மகிழ்ந்தவர்களுக்காகவே 2020-21 நிதியாண்டு முதல் ஒரு விதி வந்தது. இந்தியக் குடிமகன் ஒருவருக்கு, வெளிநாட்டு வருமானம் நீங்கலாக, ஆண்டு வருமானம் 15 லட்சம் ரூபாய்க்கு மேல் இருந்து, வேறெந்த நாட்டிலும் அங்கே வசிப்பவர் என்ற முறையில் அவர் வரிக்கு உட்படாவிட்டால், அவர் இந்தியாவில் வசிப்பவராகவே கருதப்படுவார். அவருடைய உலக வருமானம் முழுவதற்கும் வரி என்பது இதன் பொருளல்ல. ஆனால் கணக்குக் கேட்கும் வீடு எது என்பது முடிவாகிவிடுகிறது. வீடு இல்லை என்றவனுக்குச் சட்டமே ஒரு வீட்டைக் காட்டிவிட்டது!

அடுத்தது வாக்குரிமை. 1950-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 'சாதாரணமாக வசிப்பவர்' என்கிறது. ஒரு தொகுதியில் வீடு சொந்தமாக இருப்பது மட்டும் போதாது; அதே சமயம், தற்காலிகமாக வெளியூர் போனதாலேயே அந்தத் தகுதி போய்விடாது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் 2025-இல் பீகாரிலும் பின்னர் தமிழ்நாடு உள்ளிட்ட மாநிலங்களிலும் வாக்காளர் பட்டியலின் சிறப்புத் தீவிரத் திருத்தம் தொடங்கியபோது, வீடு வீடாகப் படிவம் வந்தது. கதவைத் திறந்து, "ஆமாம், என் பிள்ளை இங்கேதான், இப்போது வேலையாகப் போயிருக்கிறான்" என்று சொல்ல ஆள் இருந்த வீட்டுக்கும், பூட்டுத் தொங்கிய வீட்டுக்கும் வித்தியாசம் இருந்தது.

பாஸ்போர்ட் புதுப்பிக்கப் போலீஸ் விசாரணை வந்தாலும் இதே கதை. கொடுத்த முகவரியில் ஆள் இல்லை என்று குறிப்பு எழுதப்பட்டால் விண்ணப்பம் நின்றுவிடும். வங்கியின் புதுப்பித்தல் கடிதம், ஆதார், ஓட்டுநர் உரிமம் எல்லாமே ஒரு கதவெண்ணைக் கேட்கின்றன. அவ்வளவு ஏன், வங்கியின் ஒருமுறைக் கடவுச்சொல் வரும் கைபேசி எண்ணையே தொண்ணூறு நாள் தொடாமல் விட்டால், முன்கட்டண இணைப்பு துண்டிக்கப்படலாம். எண் போனால் வங்கிக் கணக்கின் கதவும் மூடிக்கொள்ளும்.

வெளிநாட்டிலும் சட்டம் தூங்குவதில்லை. சுற்றுலா விசாவில் போய் வேலை செய்வது பல நாடுகளில் விதிமீறல். ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகளில் குறுகிய காலப் பயணியாக எந்த 180 நாளிலும் 90 நாளுக்கு மேல் இருக்க முடியாது. நாடோடி விசாக்களுக்கோ வருமானச் சான்று வேண்டும். போர்ச்சுகல் தன் குறைந்தபட்ச ஊதியத்தைப் போல நான்கு மடங்கு கேட்கிறது. விதிகள் அடிக்கடி மாறுவதால், புறப்படும் முன் அந்தந்தத் தூதரகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது. மருத்துவக் காப்பீட்டையும் மறக்கக் கூடாது. நாம் இங்கே எடுக்கும் வழக்கமான பாலிசிகள் பெரும்பாலும் இந்தியாவில் பெறும் சிகிச்சைக்கு மட்டுமே. வெளியே போகத் தனி பாலிசி வேண்டும்; அதற்காக இங்குள்ளதை விட்டுவிட்டால், திரும்பி வந்து எடுக்கும்போது காத்திருப்புக் காலம் மறுபடி முதலிலிருந்து தொடங்கும்.

எப்படிப்பட்ட தளம்?

நம் வட்டாரத்துப் பிள்ளைகளைப் பார்க்கும்போது, மூன்று வகை ஏற்பாடுகள் தெரிகின்றன.

முதலாவது, பெற்றோர் வீட்டில் ஓர் அறை. செலவு குறைவு, பாதுகாப்பு அதிகம். ஆனால் முப்பது வயதுக்கு மேல் அந்த அறை, பழைய புத்தகமும் உடைந்த மட்டையும் கிடக்கும் சாமான் அறையாக மாறிவிடக் கூடாது. பிள்ளை அங்கே வந்தால் வேலை செய்ய ஒரு மேசையும், இரவு நேரத் தொலைபேசிக் கூட்டங்களுக்கு ஒரு கதவும் வேண்டும். நியூயார்க்கில் மாலை நான்கு மணி என்றால் நமக்கு இரவு ஒன்றரை. அப்பா தூங்க வேண்டாமா?

இரண்டாவது, வாடகை வீட்டை வைத்துக்கொண்டே சுற்றுவது. இங்கே இரண்டு இடத்து வாடகை விழும். ஆண்டில் எட்டு மாதம் பூட்டிக் கிடக்கும் வீட்டுக்கு முழு வாடகை கொடுப்பது, பெருநகரங்களில் பலருக்குக் கட்டுப்படியாகாது. வீட்டுக்காரர் அனுமதியில்லாமல் உள்வாடகைக்கு விடுவதும் ஒப்பந்த மீறலாகும்.

மூன்றாவது, செலவு குறைந்த ஊரில் சொந்தமாகச் சிறு வீடு. கும்பகோணத்திலோ கோயம்புத்தூர்ப் பக்கமோ ஓர் அறை, ஒரு கூடம். பெரிய வீடு வேண்டாம். பூட்டிவிட்டுப் போகக் கூடிய வீடு வேண்டும். பூட்டிய வீட்டைப் பற்றி அனுபவஸ்தர்கள் சொல்வது இது: தண்ணீர் வால்வை மூடு, எரிவாயுவை அடை, மின்சாரத்தில் தேவையில்லாததை நிறுத்து. சாக்கடைக் குழாயின் வளைவில் நிற்கும் தண்ணீர் காய்ந்துவிட்டால் கரப்பானும் நாற்றமும் மேலேறும். ஆகவே மாதம் ஒருமுறையாவது யாராவது ஒரு குவளை தண்ணீர் ஊற்ற வேண்டும். மழைக்காலத்துக்குப் பின் கரையான் பார்க்க வேண்டும்.

கவனித்தீர்களா? 'யாராவது.' மூன்று ஏற்பாட்டிலும் அந்த 'யாராவது' வந்துவிடுகிறார்.

சாவி யாரிடம்?

மயூர் விஹாரில் இருக்கும் என் நண்பர் ஒருவரின் மகள், வெளிநாட்டு நிறுவனங்களுக்கு வடிவமைப்பு வேலை செய்பவள். மூன்று ஆண்டுகளாகச் சுற்றுகிறாள். அவளுடைய தபால், வங்கி அட்டை, வரிக் கணக்காளருக்குக் கொடுக்க வேண்டிய காகிதம் எல்லாவற்றையும் நண்பர்தான் பார்த்துக்கொண்டார். "ஓய்வு பெற்ற எனக்கு இது ஒரு பொழுதுபோக்கு" என்பார். போன குளிர்காலத்தில் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. மகள் இரண்டு விமானம் மாறி வந்து சேர இரண்டு நாள் ஆயிற்று. அதுவரை மருத்துவமனையில் கையெழுத்துப் போட்டதும், இரவு விழித்திருந்ததும் மாடி வீட்டுப் பஞ்சாபிக் குடும்பம்.

வந்த மகள் அழுதாள். இனி எங்கும் போவதில்லை என்றாள். நண்பருடைய மனைவி ஒரே வார்த்தை சொன்னார்: "போகாதேன்னு நாங்க சொல்லலை. வரேன் வரேன்னு சொல்றதை விட்டுட்டு, என்னிக்கு வரேன்னு சொல்லும்மா."

அந்த ஒரு வார்த்தையில்தான் இந்தக் கட்டுரையின் சாரம் இருக்கிறது. சுற்றுகிறவர்களுக்குத் தேதி என்பது கடைசி நேரத்தில் மாற்றிக்கொள்வது. காத்திருப்பவர்களுக்கு அது நாள்காட்டியில் வட்டமிடுவது. அவர்கள் வீட்டில் இப்போது ஓர் ஏற்பாடு இருக்கிறது. நவராத்திரி முதல் பொங்கல் வரை மகள் தில்லியில். மற்ற மாதங்களில் அவள் விருப்பம். ஆனால் ஒரே நாளில் வந்து சேரக் கூடிய தூரத்துக்குள். அவசரப் பயணத்துக்கென்று தனியே பணம் ஒதுக்கி வைத்திருக்கிறாள். வீட்டு வேலைக்கும் மருத்துவமனைக்குத் துணை போவதற்கும் ஆள் அமர்த்தி, அந்தச் சம்பளத்தை அவளே கொடுக்கிறாள். மாடி வீட்டுக்காரர்களிடம் ஒரு சாவி. அவர்களுடைய எண் அவளிடம், அவளுடைய எண் அவர்களிடம்.

வாசகர்களே, இதில் பெரிய தியாகம் ஒன்றும் இல்லை. மூன்று ஆண்டுத் தவணை என்று செட்டிநாட்டு ஏஜெண்டுக்கு இருந்த கணக்கைப் போல, இதுவும் ஒரு கணக்கு. கணக்கு இருந்தால் போகிறவனுக்கும் குற்ற உணர்ச்சி இல்லை, இருப்பவருக்கும் ஏக்கம் இல்லை.

பிள்ளைகளுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். ஓர் ஊரில் ஒரு மாதம் இருந்தால் அது காட்சி. மூன்று மாதம் இருந்தால்தான் காய்கறிக்காரர் பெயர் தெரியும். விருந்தாளி பெருகினால் உள்ளூர் வாடகை ஏறும். 2025 ஜூலையில் மெக்சிகோ நகரத்தில் உள்ளூர் மக்கள் இதற்காகத் தெருவில் இறங்கினார்கள். போகிற ஊரும் யாரோ ஒருவருடைய சொந்த ஊர்தான்.

பெற்றோருக்கும் ஒன்று. நாமே நாற்பது, ஐம்பது ஆண்டுகளுக்கு முன் தகரப் பெட்டியோடு கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸில் ஏறி வந்தவர்கள்தாம். நம் பெற்றோர் வாசலில் நின்றார்கள். நாம் ஆண்டுக்கு ஒரு முறை போனோம். பிள்ளைகள் நம்மிடமிருந்து கற்றதைத்தான் கொஞ்சம் வேகமாகச் செய்கிறார்கள். ஆகவே "ஒரே இடத்தில் இரு" என்று சொல்வதைவிட, இந்தத் தீபாவளிக்குப் பிள்ளை வரும்போது ஒரு காகிதத்தை எடுத்து எதிரும் புதிருமாக உட்காருங்கள். நான்கு கேள்வி எழுதுங்கள்: உன் நிலையான முகவரி எது? சாவி யார் யாரிடம்? அவசரம் என்றால் எத்தனை மணி நேரத்தில் வருவாய்? அடுத்து வரும் தேதி என்ன? பதில்களை எழுதி, அலமாரிக் கதவின் உட்புறத்தில் ஒட்டி வையுங்கள். மாடி வீட்டுக்காரருக்கும் ஒரு பிரதி கொடுங்கள்.